கோட்டயத்தில் பத்து நிமிடம்

2016 ஜனவரியில் ஒரு நாள், விடியுமுன், மூணாறிலிருந்து திருவனந்தபுரம் புறப்பட்ட அரசுப் பேருந்தில் ஓர் அக்காவும் தம்பியும் ஏறி அமர்ந்தனர். அக்காவுக்கு இருபது வயது, தம்பிக்குப் பதினைந்து. அக்காவின் மடியில் ஒரு துணிப்பை. அதனுள் நாளிதழில் சுற்றிய, தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை ஒன்று, எலுமிச்சைச் சோறு நிறைந்த தூக்குவாளி ஒன்று, இருநூறு பக்க நோட்டு ஒன்று. ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவு. இடுக்கி மாவட்டத்தின் எல்லையைத் தாண்டித் தெற்கே இருவரும் அதுவரை சென்றதில்லை.

தம்பி போய்க்கொண்டிருந்தது கேரளப் பள்ளிக் கலோற்சவத்துக்கு. 1957இல் எர்ணாகுளத்தில் எளிமையாகத் தொடங்கிய விழா அது. இன்று பதினான்கு மாவட்டங்களின் மாணவர்கள் 117.5 பவுன் எடையுள்ள தங்கக் கோப்பைக்காகப் போட்டியிடும் பெருவிழாவாக வளர்ந்திருக்கிறது. மோகினியாட்டமும் ஒப்பனையும் மார்கம்களியும் செண்டைமேளமும் நாளிதழ்களின் முதல் பக்கத்தை நிறைக்கும். ஆனால் அதே விழாவின் நிரலில் தமிழ்ப் பேச்சு, தமிழ்ச் செய்யுள் சொல்லுதல் என்னும் போட்டிகளும் உண்டு என்பது கேரளத்துக்கு வெளியே பலர் அறியாத செய்தி. கன்னடத்துக்கும் அவ்வாறே உண்டு. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் எந்தப் பக்கம் சேரும் என்று நடந்த வழக்காடல் முடிந்து, அவை கேரளத்தில் நின்றன. மலையில் தேயிலை பறிக்க வந்த தமிழர்களும் அங்கேயே நின்றனர். வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ், மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் மலையாளம் என்று வளரும் அவர்களின் பிள்ளைகளுக்கு, வீட்டுமொழி மதிப்பெண்ணாக மாறும் ஒரே வாசல் இந்த மேடை. மாநில அளவில் தரம் பெற்றால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கிரேஸ் மார்க் கிடைக்கும். தம்பி அவ்வாண்டு பத்தாம் வகுப்பில் இருந்தான்.

பயணத்துக்கான பணம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், 2015 செப்டம்பரில், மூணாறின் தோட்டத் தொழிலாளப் பெண்கள் தெருவில் இறங்கினர். அவ்வாண்டுப் போனஸ் பத்து விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருந்தது. தொழிற்சங்கத் தலைவர்களைக்கூட அருகே வரவிடாமல், ஒன்பது நாள் அவர்கள் நகரின் நடுவே அமர்ந்திருந்தனர். 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் நாடெங்கும் தெரிந்தது. முடிவில், போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து இருபது விழுக்காடு கிடைத்தது. அடுத்த மாதம் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்த்தப்பட ஒப்புதலானது. இந்த அக்காவின், தம்பியின் தாயும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். கிடைத்த பணத்தில் கடனை அடைத்தது போக எஞ்சியதை ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். மாவட்டப் போட்டியில் மகன் முதலிடம் பெற்ற அன்று அந்தப் பாட்டிலை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

"நான் லீவு போட்டா கூலி போயிரும். நீ கூட்டிட்டுப் போயிட்டு வா. கடலையும் காட்டிட்டு வா" என்றார். தமிழாசிரியர் பதிவு வேலைகளுக்காக முந்தைய நாளே புறப்பட்டுச் சென்றிருந்தார்.

பேருந்து பள்ளிவாசல் தாண்டி இறங்கத் தொடங்கியது. மூணாறு 1,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருப்பது. அங்கிருந்து இறங்குபவர்களுக்குக் காது முதலில் அடைக்கும். பிறகு திடீரென்று திறந்துகொள்ளும். அடிமாலியில் அக்கா தன் கம்பளிச்சட்டையைக் கழற்றினாள். வாளரா, சீயப்பாறை அருவிகள் தை மாதத்துக்குரிய மெலிவோடு பாறையில் நூல்போல் ஒட்டிக்கிடந்தன. காட்டுக்குள் நெடுநேரம் வளைந்து வளைந்து சென்ற சாலை, நேரியமங்கலத்தில் பெரியாற்றைக் கடந்தது. 1924 வெள்ளம் மூணாறையும் அதன் பழைய சாலையையும் சிதைத்த பின்னர், புதிய வழிக்காக எழுந்த வளைவுப் பாலம் அது, 1935இல் திறக்கப்பட்டது. இரண்டு வண்டிகள் எதிரெதிரே வர இயலாத அகலம். எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டுப் பேருந்து கரையிலேயே நின்றது. தம்பி அதைக் கவனிக்கவில்லை. அவன் நோட்டைத் திறந்து உதடசைத்துக்கொண்டிருந்தான்.

பேச்சுப் போட்டியில் தலைப்பு சற்று முன்னர்தான் தரப்படும். ஆகவே ஆசிரியர், எந்தத் தலைப்புக்கும் பொருந்தும்படியான தொடக்கங்கள் பன்னிரண்டையும் முடிவுகள் ஏழையும் நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். இயற்கை என்றால் மூன்றாவது தொடக்கம். உழைப்பு என்றால் ஐந்தாவது. தாய்மொழி என்றால் முதலாவது. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு குறிப்பு: 'சொந்த வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சி சேர்த்தால் நடுவர் மனம் இளகும்.' அந்த வரியின் கீழ் அவன் இரண்டு கோடுகள் இழுத்திருந்தான். சொந்த வாழ்வில் நிகழ்ச்சி என்று எதைச் சொல்வது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. லயத்தில் ஓர் அறை, பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர் நடை, மழை, அட்டை, ஆனை வந்த இரவுகள். எல்லோருக்கும் இருப்பவைதாமே என்று அவன் நினைத்தான்.

மூவாற்றுப்புழையில் எம்.சி. சாலை தொடங்கியது. வெயில் ஏறியது. கூத்தாட்டுக்குளம், ஏற்றுமானூர் என்று பலகைகளைப் படித்துக்கொண்டே வந்த அக்கா, கோட்டயத்தை நெருங்கியதும் பேசாமலானாள். பேருந்து நிலையத்தில் நடத்துநர் பத்து நிமிடம் என்று கூவினார். பயணிகள் தேநீருக்கு இறங்கினர். இவர்கள் இறங்கவில்லை.

"இங்கதான் நடந்துச்சு" என்றாள் அக்கா, சன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

"எது?"

"2011 கலோற்சவம். நான் வந்திருக்க வேண்டியது."

அந்தக் கதை தம்பிக்குத் தெரியும். அல்லது, தெரியுமென்று அவன் நினைத்திருந்தான். அக்கா பத்தாம் வகுப்பில் செய்யுள் சொல்லுதலில் மாவட்ட அளவில் முதலிடம் பெற்றாள். ஆனால் மாநிலப் போட்டிக்குப் புறப்பட வேண்டிய நாளில், பெரிய மேடை என்றதும் பயந்துபோய் வரமாட்டேன் என்று அழுதாள். தாய் பலமுறை சொல்லிச் சிரித்த கதை. சண்டை வரும்போதெல்லாம் தம்பி கடைசியாக எடுத்து வீசும் ஆயுதமும் அதுதான்.

"பயந்தாங்கொள்ளி" என்று வழக்கம்போலச் சீண்டினான். அக்கா வழக்கம்போலச் சிரிக்கவில்லை.

"அது சனவரி மாசம்டா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் அவன் தானே கணக்கிட்டுக்கொண்டான். 2011 ஜனவரி. அவனுக்குப் பத்து வயது. அப்பா இறந்து ஓராண்டு ஆகியிருக்கவில்லை. லயத்து வீட்டின் வாசலில் வேப்பங்கொத்து தொங்கியது அவன் நினைவுக்கு வந்தது. மூணாற்றுக் குளிரில் வேம்பைக் காண்பது அரிது. போடியிலிருந்து பேருந்தில் யாரோ கொண்டுவந்து கொடுத்த கொத்து அது. அவனுக்கு அம்மை போட்டிருந்தது. இடது புருவத்தின் மேலிருந்த சிறு பள்ளத்தை அவன் விரல் தானாகச் சென்று தொட்டது.

கணக்கின் மீதியும் மெல்ல நேர்ப்பட்டது. அப்பாவின் இடத்தில் அம்மா வேலைக்குச் சேர்ந்த புதிது அது. தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் லயத்தில் வீடு. சேர்ந்த சில மாதங்களுக்குள் நீண்ட விடுப்புக் கேட்பதற்கு அம்மா அஞ்சினார். அம்மை கண்ட பிள்ளையை அண்டை வீட்டில் விடவும் இயலாது; ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைகள். ஆக, யாரோ ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். இருந்தவள் அக்கா.

அவனுக்கு அந்த நாட்களில் ஒன்று மட்டும் நன்றாக நினைவிருந்தது. படுக்கையின் அருகே, குளிர்காற்று புகாமலிருக்கவும் அடுப்புக்கரி மறையவும் சுவர் முழுதும் பழைய நாளிதழ்கள் ஒட்டப்பட்டிருந்தன. சொறியாதிருக்க அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு, அக்கா அந்தச் சுவரை வாசித்துக் காட்டினாள். எப்போதோ நடந்த தேர்தல், எங்கோ நடந்த கிரிக்கெட், தங்கத்தின் விலை, பாதி கிழிந்துபோன ஒரு சிறுகதை. வாசிக்கச் செய்திகள் தீர்ந்தபோது ஒரு கவிதையைச் சொன்னாள். பார்த்து வாசிக்காமல், எழுந்து நின்று, கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். இன்னொரு தரம் என்று அவன் கேட்கக் கேட்கச் சொன்னாள். அந்தக் கவிதை இன்றும் அவனுக்கு மனப்பாடம். அது கோட்டயத்து மேடைக்கென்று அவள் பயின்றது என்பதை ஐந்து ஆண்டுகள் கழித்து, கோட்டயம் பேருந்து நிலையத்தில், டீசல் வாசத்துக்கிடையே அவன் அறிந்தான்.

"ஏங்க்கா சொல்லல?"

"சொல்லி? பத்து வயசுப் பய. உன்னாலதான்னு தெரிஞ்சா அழுவ. நானும் அம்மாவும் பேசி அப்படிச் சொல்லிக்கிட்டோம். அப்புறம் அதுவே நெசமாயிருச்சு."

பேருந்து புறப்பட்டது. சங்கனாசேரி வரை இருவரும் பேசவில்லை. திருவல்லாவை நெருங்கும்போது தம்பி நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, சிவப்பு மைக் குறிப்பைப் பார்த்தான். அவன் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. அதைச் சொன்னால் எந்த நடுவரின் மனமும் இளகும்.

"அக்கா, இதையே நாளைக்கு மேடையில சொல்லட்டுமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. "வேணாம்டா" என்றாள்.

"ஏன்? நல்லதைத்தானே சொல்லப்போறேன்."

"நான் பாட்டுக்கு வீட்டுல இருந்தேன். அதைப் போயி மைக்குல சொல்லி, எல்லாரும் உச்சுக் கொட்டணுமா? அம்மா ரோட்டுல உக்காந்து அழுததை டிவியில எத்தனை தடவ போட்டாங்க? அம்மாகிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

அது உண்மை. போராட்ட நாட்களில் ஒரு நொடி கண்ணைத் துடைத்த தாயின் முகம் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் வந்தது. ஒன்பது நாளில் அவர் பேசியவை, முழங்கியவை, சிரித்தவை எவையும் வரவில்லை. கடைத்தெருவில் பார்ப்பவர்கள் எல்லாரும் 'டிவியில அழுத அம்மா' என்றே அடையாளம் சொன்னார்கள். தாய் அதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. ஆனால் அதற்குப்பின் செய்திநேரம் வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவார்.

தம்பி சரி என்றான். நோட்டை மூடினான்.

கொட்டாரக்கரை, ஆயூர், கிளிமானூர், வெஞ்ஞாறமூடு. பிற்பகலில் திருவனந்தபுரம் வந்தது. தம்பானூரில் இறங்கி நடந்தபோது விழாவின் தோரணங்களும் பதாகைகளும் நகரத்தையே மூடியிருந்தன. கிழக்குக்கோட்டை அருகே புத்தரிக்கண்டம் மைதானத்தில் முதன்மை மேடை. முழு ஒப்பனையில் ஒரு மோகினியாட்டச் சிறுமி, தாயின் தோளில் சாய்ந்து, தண்ணீரை ஸ்ட்ரா வழியாக உறிஞ்சிக்கொண்டு போனாள். சாலைக் கடைத்தெருவில் தமிழ்க் குரல்கள் கேட்டன. அந்தப் பகுதியில் தூரத்து உறவில் சித்தி முறையாகும் ஒருவர் வீட்டில் அக்கா தங்கினாள். மாணவர்களுக்கென ஒதுக்கியிருந்த பள்ளியில் ஆசிரியருடன் தம்பி தங்கினான். இரவு ஊட்டுப்புரையில் நீண்ட வரிசையில் நின்று இருவரும் ஒன்றாக உண்டனர். பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கியதை அக்கா ஊருக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லப்போவதாக மிரட்டினாள்.

மறுநாள் காலை, தமிழ்ப் பேச்சுப் போட்டி. விழாவின் பெருங்கூட்டம் நடன மேடைகளைச் சுற்றி இருந்தது. இந்த மேடை ஒரு பள்ளியின் மாடி அறை. மரப்பெஞ்சுகள், மூன்று நடுவர்கள், போட்டியாளர்கள், அவர்களின் ஆசிரியர்கள், சில பெற்றோர். பாலக்காட்டிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் வந்தவர்களின் தமிழ், மலைத்தமிழிலிருந்து சற்றே வேறாக ஒலித்தது. கலோற்சவ மேடையில் மாணவரின் பெயரோ பள்ளியின் பெயரோ சொல்லப்படுவதில்லை; குலுக்கலில் விழும் எண்தான் அழைக்கப்படும். நடுவர் யாரென்று அறியாமல் மதிப்பிட வேண்டும் என்பதற்காக. தம்பிக்கு விழுந்த எண் ஏழு. தலைப்பு வாசிப்பைப் பற்றியது.

ஆசிரியர் முகம் மலர்ந்தது. எட்டாவது தொடக்கம் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் தம்பி எட்டாவது தொடக்கத்தைச் சொல்லவில்லை. ஒலிவாங்கியின் முன் நின்று ஒரு கணம் தயங்கியவன், "நான் முதலில் படித்த நூலகம் ஒரு சுவர்" என்று தொடங்கினான்.

அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. லயத்தின் சுவரைப் பற்றிச் சொன்னான். அதில் ஒட்டிய தாள்களில் ஆண்டுகள் முன்பின்னாக இருந்ததைச் சொன்னான். முடிவுப் பகுதி கிழிந்துபோன அந்தச் சிறுகதைக்குத் தான் எத்தனையோ முடிவுகளைக் கற்பித்துக்கொண்டதைச் சொன்னான். புத்தகம் வாங்க இயலாத வீட்டிலும் எழுத்து ஏதோ ஒரு வழியில் வந்து ஒட்டிக்கொள்கிறது என்றான். நடுவரில் ஒருவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பின்பெஞ்சில் அக்கா இரு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தச் சுவரை எனக்கு வாசித்துக் காட்டியவர்..." என்று சொன்னான்.

அங்கே அவன் நின்றான்.

அடுத்த வாக்கியம் அவனிடம் இருந்தது. அதற்கடுத்ததும் இருந்தது. அம்மை, வேப்பங்கொத்து, கோட்டயம், மேடை காணாத கவிதை: பேச்சு தானாகவே அந்தத் திசையில் சரிந்து ஓடிக்கொண்டிருந்தது. வாசிப்பு என்ற தலைப்புக்கு அதைவிடப் பொருத்தமான முடிவு நோட்டின் ஏழு முடிவுகளிலும் இல்லை. அவன் பின்பெஞ்சைப் பார்த்தான். அக்கா தலையை அசைக்கவில்லை. கண்ணால் தடுக்கவும் இல்லை. அவள் வெறுமனே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிடத்தில் மூன்றரை நிமிடம் ஆகியிருந்தது. அமைதி நீண்டது. கீழ்த்தளத்திலிருந்து செண்டையின் ஒலி மேலேறி வந்தது. "...என் குடும்பத்தில் ஒருவர்" என்று முடித்தான். பிறகு வாசிப்பின் பயன்களைப் பற்றி நோட்டிலிருந்த முடிவுகளுள் ஒன்றைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி, வணக்கம் கூறி இறங்கினான்.

மாலையில் தரம் அறிவிக்கப்பட்டது. பி. மாவட்டத்துக்கு மூன்று புள்ளி. ஏ என்றால் ஐந்து. அவனுக்கான கிரேஸ் மார்க்கும் அதற்கேற்பக் குறைவு. ஆசிரியர் திட்டவில்லை, வருந்தினார். "மூணு நிமிஷம் வரைக்கும் உன்னை அடிக்க ஆளே இல்லடா. அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"மறந்துபோச்சு சார்" என்றான் தம்பி.

அக்கா அருகே நின்று அதைக் கேட்டாள்.

தாய் சொன்னபடி அன்று மாலை சங்குமுகம் கடற்கரைக்குச் சென்றனர். இருவரும் கடலை முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். மலைப்பிள்ளைகளுக்குத் தொலைவு என்பது எப்போதும் மேலேயோ கீழேயோ இருப்பது. கண்மட்டத்தில் இவ்வளவு தொலைவை அவர்கள் பார்த்ததில்லை. வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டியபடி அக்கா கேட்டாள்:

"உனக்கு மறக்கல. இல்ல?"

"மறந்துருச்சுக்கா."

அவள் அவனைச் சற்றுநேரம் பார்த்தாள். பிறகு, "பயந்தாங்கொள்ளி" என்றாள். இருவரும் சிரித்தார்கள். ஊருக்குப் போய் அம்மாவிடமும் அப்படியே சொல்வதென்று முடிவாயிற்று: பெரிய மேடை, பயந்துவிட்டான், மறந்துவிட்டான்.

திரும்பும் பேருந்து நள்ளிரவைத் தாண்டிக் கோட்டயத்தில் நின்றது. மீண்டும் பத்து நிமிடம். இம்முறை அக்கா எழுந்தாள். உறங்கிக்கொண்டிருந்த பயணிகளின் கால்களைத் தாண்டி இறங்கி, நிலையத்தின் சிமெண்டுத் தரையில் சிறிது தூரம் நடந்தாள். ஒரு கட்டஞ்சாயா வாங்கிக் குடித்தாள். ஏறி வந்து அமர்ந்து, "அப்பாடா, கோட்டயம் வந்தாச்சு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. பேருந்து மலையை நோக்கி நகர்ந்தது. நேரியமங்கலத்தில் விடிந்தது. அடிமாலியில் கம்பளிச்சட்டைகளை மீண்டும் அணிந்துகொண்டனர்.

அந்தத் தம்பி இப்போது வேறொரு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாளன். தோட்டத் தொழிலாளரின் வாய்மொழி வரலாறு அவன் ஆய்வுப்பொருள். இளங்கலை முடிக்கும் வயதில் இருந்தபோது, 2020 ஆகஸ்ட் 6 இரவில், மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேரை அது கொண்டுபோயிற்று. பின்வந்த நாட்களில் அங்கே ஒலிவாங்கிகள் வந்தன, கேள்விகள் வந்தன. 'அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள்?' என்று கேட்கப்பட்டவர்களின் முகங்களை அவன் தொலைக்காட்சியில் பார்த்தான். தன் தாயைப் போலவே அவர்களும், அன்று அழுத முகத்தாலேயே என்றும் அறியப்படுவார்கள் என்று எண்ணினான். ஆய்வுக்குப் போன பிறகும் பெட்டிமுடியைப் பற்றி அவன் யாரிடமும் முதலில் கேட்டதில்லை. அவர்களாகச் சொன்னால் கேட்பான். பதிவுக்கருவியை அணைக்கச் சொன்னால் அணைப்பான்.

ஆய்வுநெறிக் குழுவுக்கு அளிக்க வேண்டிய ஒப்புதல் படிவத்தை வகுப்பில் விளக்கியபோது, உடன்பயிலும் ஒருவர் அது வெறும் சடங்கு என்றார். கையொப்பம் வாங்கிவிட்டால் போதும், பிறகு தரவு ஆய்வாளருடையது என்றார். தம்பி மறுத்துப் பேசினான். என்ன பேசினான் என்பது அவனுக்கே முழுதாக நினைவில்லை. ஒருவர் ஒன்றைச் செய்வதும் அதைப் பலர் அறியச் சொல்வதும் வெவ்வேறு செயல்கள், முன்னதைச் செய்தவருக்கே பின்னதைத் தீர்மானிக்கும் உரிமை என்பதுபோல ஏதோ சொன்னான். எந்த நூலிலிருந்து சொல்கிறீர்கள் என்று பேராசிரியர் கேட்டார். மேற்கோள் காட்ட அவனிடம் நூல் எதுவும் இல்லை. எம்.சி. சாலையில் திருவல்லாவுக்கு அருகே ஓடிய ஒரு பேருந்துதான் இருந்தது.

அக்கா தொலைதூரக் கல்வியில் தமிழ் முடித்து, இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருக்கிறாள். ஆண்டுதோறும் உபமாவட்டக் கலோற்சவத்துக்குப் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கிறாள். பன்னிரண்டு தொடக்கங்களும் ஏழு முடிவுகளும் கொண்ட நோட்டு அவளிடமும் ஒன்று உண்டு. ஆனால் அதில் சிவப்பு மைக் குறிப்பு இல்லை. அதற்குப் பதிலாக, வீட்டுக் கதை சொல்ல விரும்பும் பிள்ளையிடம், "வீட்டுல கேட்டுட்டு வா" என்று சொல்லி அனுப்புகிறாள்.

சில வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி தொலைபேசியில் அழைத்தான். நலம் விசாரித்தான். அம்மாவின் முழங்கால் வலி, மழை, பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு என்று பேச்சு எங்கெங்கோ சென்றது. இறுதியில், கேட்க வந்ததைக் கேட்டான்.

மறுமுனையில் சிறிது நேரம் ஒலியில்லை. பிறகு அக்கா சிரித்தாள்.

"அன்னிக்கு மறந்துபோச்சுன்னு சொன்ன?"

"இப்ப ஞாபகம் வந்துருச்சு."

"சரி, எழுது. அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ. எங்க பேரைப் போடாத."

தாயிடமும் கேட்டாயிற்று. அவர் ஒன்றே ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: அந்த ஒன்பது நாளில் தான் அழுதது ஒரு முறைதான், மற்ற நேரமெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன், அதையும் எழுதச் சொல் என்றார். எழுதப்பட்டது.